ஊரைப் பற்றி எழுதுவது யாருக்காக?

நமது சமூகத்தில் கவிதைக்கு அடுத்தபடியாக அதிகம் எழுதப்படுவது எது என்று யாராவது என்னைக் கேட்டால், ஊர் வரலாறு என்றுதான் சொல்வேன். பள்ளிவாசல் திறப்பு விழா என்றால் ஒரு மலர். பாடசாலைக்கு ஐம்பது வயது என்றால் ஒரு மலர். அதிபர் ஓய்வு பெற்றால் ஒரு மலர். அவை எல்லாவற்றிலும் ‘எமது ஊரின் வரலாறு’ என்று ஒரு கட்டுரை இருந்தே தீரும். இப்போது மலர் அச்சாகும் வரைக்கும் காத்திருக்கவும் தேவையில்லை. கையடக்கத் தொலைபேசியில் எழுதி அன்றிரவே ஊர் முழுக்க அனுப்பி விடுகிறார்கள். எழுதுகிற கைகள் கூடியிருப்பது நல்ல விஷயந்தான்.

ஆனால் வாசிப்பது யார்? மலர் கைக்கு வந்ததும் என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். தன்னுடைய பெயர் இருக்கிறதா, வாப்பாவின் படம் வந்திருக்கிறதா என்று புரட்டுவார்கள். வந்திருந்தால் சந்தோஷம். வராவிட்டால் மலர்க் குழுவோடு ஒரு வருசத்துக்குப் பேச்சில்லை. அதற்குப் பிறகு மலர் அலுமாரிக்குள் போய்விடும். என்னிடமும் ஒரு தட்டு நிறைய இப்படிப்பட்ட மலர்கள் இருக்கின்றன. அவற்றில் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பவை நாலைந்துதான்.

ஏன் அந்த நாலைந்து மட்டும்? அவற்றை எழுதியவர்கள் பெயர்பெற்ற எழுத்தாளர்கள் அல்லர். வசனங்கள் சில இடங்களில் தடுமாறும். அச்சுப் பிழையும் நிறைய. ஆனாலும் அந்த ஊரை ஒருநாளும் காணாத ஒருவர் முன்னால் இருந்து கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்து அவர்கள் எழுதியிருக்கிறார்கள். மற்றவர்கள் ஊரில் இருப்பவர்களைச் சந்தோஷப்படுத்த எழுதியிருக்கிறார்கள். எழுத்து வாசிக்கப்படுவதும் பயன்படுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது என்பது எனது எண்ணம். அதை எனக்குத் தெரிந்த சில உதாரணங்களோடு விளங்கப்படுத்தப் பார்க்கிறேன்.

அட்டைக்குத் தேசிக்காய்

மொரோக்கோ நாட்டவரான இப்னு பதூதா 1344ஆம் ஆண்டு மாலைத்தீவிலிருந்து வந்து புத்தளத்தில் கரையிறங்கினார். பாவா ஆதம் மலைக்கு ஏறுவதே அவரது நோக்கம். ஏறி இறங்கி, தெற்கே தெவுந்தரை, காலி, பிறகு கொழும்பு என்று சுற்றிக்கொண்டு புத்தளத்துக்குத் திரும்பினார். பல வருடங்களின் பின்னர் தனது நாட்டில் பெஸ் நகரத்தில் இருந்தவாறு அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸை என்ற அறிஞர் எழுதினார். அந்த வேலை 1355ஆம் ஆண்டில் முடிந்தது.

பெரிய அந்தப் பயண நூலில் இலங்கைக்குக் கிடைத்தது சில பக்கங்கள் மட்டுமே. ஆனாலும் அறுநூற்றெண்பது வருடம் கழித்தும் இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றைத் தொடுகிற எவரும் அந்தச் சில பக்கங்களைத் தாண்டிப் போக ஏலாது. காரணம் என்ன?

புத்தளத்துக் கரையில் கறுவா மரத் துண்டுகள் குவியல் குவியலாகக் கிடந்ததாக அவர் சொல்கிறார். ஆற்று வெள்ளம் அடித்து வந்து ஒதுக்கியவை அவை. மஃபர் என்று அரபிகள் அழைத்த சோழமண்டலக் கரையாரும் மலபார்க்காரரும் அவற்றை விலை கொடுக்காமல் ஏற்றிக்கொண்டு போவார்களாம். அதற்குப் பதிலாக அரசருக்குத் துணிமணிகள் போன்றவற்றை அன்பளிப்பாகக் கொடுப்பார்களாம். இரண்டே செய்திகள்தான். ஆனால் எந்தப் பொருள், எங்கிருந்து வந்தவர்கள், எதைக் கொடுத்து எதை எடுத்தார்கள் என்று ஒரு வியாபாரமே அதற்குள் அடங்கியிருக்கிறது. ‘புத்தளம் அக்காலத்தில் வணிகத்தில் சிறந்து விளங்கியது’ என்று மட்டும் அவர் சொல்லியிருந்தால் இன்று நாம் என்ன செய்திருப்போம்?

மலைக்குப் போகும் வழியில் அட்டையைப் பற்றியும் சொல்கிறார். நீர் நிலைகளுக்குப் பக்கத்து மரஞ்செடிகளில் இருக்கும்; ஆள் கிட்டப் போனால் மேலே பாயும்; பிடித்த இடத்தில் இரத்தம் நிறைய ஓடும்; அந்தப் பகுதி மக்கள் கையோடு ஒரு தேசிக்காய் வைத்திருப்பார்கள், அதைப் பிழிந்துவிட்டால் அட்டை கழன்று விழுந்துவிடும் என்கிறார். சிங்கராஜக் காட்டுக்குப் போன பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், இன்றைக்கும் தேசிக்காயைத்தான் சொல்வார்கள். இலங்கையில் பிறந்த ஒருவருக்கு அட்டையைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியிருக்காது. எல்லாருக்கும் தெரிந்தது தானே என்று விட்டிருப்பார். இப்னு பதூதா அட்டையைக் காணாத மொரோக்கோ மனிதருக்குச் சொன்னார். அதனால் நமக்கும் கிடைத்தது.

இன்னுமொரு விஷயம். தெவுந்தரைக் கோயிலில் ஆள் அளவில் ஒரு பொற்சிலை இருந்ததையும் அதன் கண்கள் இரண்டும் பெரிய மாணிக்கங்கள் என்பதையும் குறிப்பிடுகிறார். அந்தக் கண்கள் இரவில் விளக்குப் போல ஒளிரும் என்பதைச் சொல்லும்போது மட்டும், தனக்கு அப்படிச் சொல்லப்பட்டது என்கிறார். ஒளிர்வதைத் தானே கண்டதாக அவர் சொல்லவில்லை. 1588இல் போர்த்துக்கேயர் அந்தக் கோயிலை அழித்துவிட்டார்கள். இன்று அது எப்படி இருந்தது என்று தேடுபவர்கள் ஒரு முஸ்லிம் பயணியின் குறிப்பையும் எடுத்துப் பார்க்கிறார்கள். நாம் எழுதி வைப்பது யாருக்கு, எப்போது தேவைப்படும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது.

ஒரு கல், மூன்று வாசகர்கள்

அதே தெவுந்தரைக் கோயிலோடு தொடர்புடைய இன்னொரு சாட்சி கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. சீன முஸ்லிம் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல்வெட்டு அது. அதிலுள்ள திகதி 1409ஆம் ஆண்டுக்குரியது. 1911இல் காலியில் ஒரு மதகை மூடிய கல்லாகக் கிடந்தபோதுதான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்குக் கொடுத்த காணிக்கையைச் சொல்கிறது. தமிழ்ப் பகுதி தெவுந்தரைத் தெய்வமான தெனாவரை நாயனாருக்குக் கொடுத்ததைச் சொல்கிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வின் பெயரால் கொடுத்ததைச் சொல்கிறது. ஒரே கல்லாக இருந்தாலும், வாசிக்கப் போகிறவர் யார் என்பது மொழிக்கு மொழி தெளிவாக இருந்திருக்கிறது.

அத்தோடு அதிலே பட்டியல் இருக்கிறது. பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, வாசனை எண்ணெய் என்று கணக்குப் போகிறது. நமது மலர்களில் வரும் ‘பெருந்தொகைப் பணம் செலவிட்டு’ என்ற வசனத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பள்ளிவாசல் கூரைக்கு எத்தனை ஓடு போனது, மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது, யார் வண்டியில் ஏற்றினார், மேசன் எந்த ஊர், நாட்கூலி எவ்வளவு என்பதெல்லாம் பழைய கணக்குப் புத்தகத்தில் கிடக்கும். மலருக்குக் கட்டுரை எழுதுபவர் அந்தப் புத்தகத்தைத் திறப்பதில்லை. ‘தனவந்தர்களின் தாராள உதவியால்’ என்று எழுதி முடித்து விடுகிறார். தனவந்தருக்குச் சந்தோஷம். ஆனால் ஐம்பது வருடம் கழித்து வாசிக்கிற பிள்ளைக்கு அதிலே பொறுக்கிக்கொள்ள ஒன்றுமில்லை.

வாதத்துக்கு எழுதுவதும் வாசகருக்கு எழுதுவதும்

நம்முடைய வரலாற்று எழுத்து இப்படிப் போனதற்கு ஒரு காரணமும் உண்டு. 1888ஆம் ஆண்டு பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனத் தோற்றம் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சோனகர் இனத்தால் தமிழர் என்பது அதன் சாரம். அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் ஒரு நூலாகவே மறுப்பு எழுதினார். சட்டநிரூபண சபையில் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்ற கேள்வி அப்போது இருந்தது. அந்த மறுப்பு தேவையாக இருந்த காலம் அது.

ஆனால் அன்றிலிருந்து நாம் எதை எழுதினாலும் எதிரே ஒரு வழக்காளி நிற்பது போலவே எழுதப் பழகிவிட்டோம். நாங்கள் எப்போது வந்தோம், எங்கிருந்து வந்தோம், எத்தனை நூற்றாண்டாக இருக்கிறோம் என்று நிறுவுவதிலேயே பாதிப் பக்கம் முடிந்து விடுகிறது. ஊர் வரலாறு எழுதுபவரும் அரபு நாட்டு வணிகரில் தொடங்குகிறார். அங்கிருந்து ஒரே பாய்ச்சலில் தற்போதைய நம்பிக்கையாளர் சபைக்கு வந்து சேர்ந்து விடுகிறார். இடையில் ஆயிரம் வருடம் காணாமல் போய்விடுகிறது. வாதாடுவதற்கு ஓர் இடம் உண்டு. ஆனால் வாதத்துக்காகச் சேர்த்த எழுத்தில் கிணறும் வண்டிலும் அடுப்பும் வராது. வாசகருக்கு ஊர் கண்ணில் தெரிவது அவற்றால்தான்.

கேட்க வேண்டிய ஆட்களைக் கேட்பது

ஊர் வரலாறு எழுதப் போகிறவர் வழக்கமாக ஹாஜியாரிடமும் ஓய்வு பெற்ற அதிபரிடமும் போவார். பெண்களிடம் கேட்பதில்லை. கிழக்கிலே இது பெரிய இழப்பு. அங்கே மகளுக்குத்தான் வீடு போகும். உறுதி அவவின் பெயரில் இருக்கும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருகிறவர். அப்படியென்றால் ஒரு வளவு எப்படிப் பிரிந்தது, எந்தச் சுவர் எப்போது எழும்பியது என்பதை ஆண்களை விடப் பெண்களே சரியாகச் சொல்வார்கள்.

எனது ஊரில் ஒரு மூத்தம்மாவிடம் பழைய பள்ளிக் கிணற்றைப் பற்றி ஒருமுறை கேட்டேன். ஆண்கள் எல்லாரும் அந்தக் கிணற்றை வெட்டியவரின் பெருமையைச் சொல்லியிருந்தார்கள். அவ சொன்னது வேறு: “அந்தத் தண்ணி தேத்தண்ணிக்கும் குடிக்கவும் மட்டுந்தான் மகன். உடுப்புக் கழுவினா சவுக்காரம் நுரைக்காது. கழுவுறதுக்கு நாங்க கிழக்குப் பக்கத்துக் கிணத்துக்குத்தான் போவம். சுபஹுக்குப் பாங்கு சொல்ல முந்திப் போகணும், இல்லாட்டி ஆம்பிளயள் வந்திருவாங்க.” இந்த நாலு வசனத்தில் நிலத்தடி நீரின் குணம் இருக்கிறது. பெண்கள் வீட்டை விட்டு வெளியே வரும் நேரம் இருக்கிறது. ஊருக்குக் கிழக்கே இன்னொரு கிணறு இருந்த செய்தியும் இருக்கிறது. அந்தக் கிணறு இப்போது இல்லை. எந்த மலரிலும் அது வரவுமில்லை.

காலத்தைக் கேட்பதற்கும் ஒரு வழி உண்டு. வயதானவர்களிடம் ‘எந்த ஆண்டு?’ என்று கேட்டால் பதில் வராது, அல்லது நம்மைத் திருப்திப்படுத்த ஏதாவது ஒரு ஆண்டைச் சொல்வார்கள். ஊரே அறிந்த சம்பவத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டும். 1957ஆம் ஆண்டு வெள்ளத்துக்கு முந்தியா, பிந்தியா? 1978 நவம்பர் சூறாவளிக்கு அந்தக் கட்டடம் நின்றதா, விழுந்ததா? இப்படிக் கேட்டால் இரண்டு மூன்று வருடத்துக்குள் காலத்தைப் பிடித்து விடலாம்.

ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தால் என்ன செய்வது? இரண்டையும் எழுதுங்கள். யார் சொன்னார், என்ன வயது, எப்போது சொன்னார் என்று பக்கத்திலே குறியுங்கள். தீர்ப்புச் சொல்ல அவசரப்படத் தேவையில்லை. இப்படி எழுதினால் கட்டுரையின் மதிப்புக் குறைந்து விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எந்த வசனத்தை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்தால் வாசகருக்கு மற்ற வசனங்களிலும் நம்பிக்கை கூடும்.

ஊர்ச் சொல்லை விட்டுவிடாமல்

எழுத உட்கார்ந்ததும் நம்மவர்கள் ஊர்ச் சொல்லைக் கழற்றி வைத்துவிட்டுப் பாடப்புத்தகச் சொல்லைப் போட்டுக்கொள்கிறார்கள். மரைக்கார் என்று எழுத வேண்டிய இடத்தில் ‘நிர்வாக உறுப்பினர்’ என்று வரும். கிழக்கிலே குடி என்பது தாய்வழியாக வரும் வம்சம். பள்ளிவாசல் காரியங்களில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார் இருப்பது பழைய முறை. நிர்வாக உறுப்பினர் என்று மாற்றியதும் இந்த ஏற்பாடு முழுவதும் மறைந்துவிடும். அதேவேளை மரைக்கார் என்று சும்மா எழுதிவிட்டுப் போனால், கொழும்பிலோ பேருவளையிலோ இருக்கும் வாசகர் அதை ஓர் ஆளின் பெயர் என்றே எடுத்துக்கொள்வார். ஆகவே சொல்லையும் எழுத வேண்டும், அது என்ன என்பதை அந்த வசனத்துக்குள்ளேயே சொல்லவும் வேண்டும். இதற்கு நாலு சொல் கூடினால் போதும்.

ஏன் இவ்வளவு அவசரம்?

இதெல்லாம் ஆறுதலாகச் செய்யலாமே என்று கேட்கலாம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எழுபதாயிரம் பேருக்கு மேல் தமது மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியாலந்தான் கொடுக்கப்பட்டது. அந்த நேரத்தில் யார் கணக்குப் புத்தகத்தையும் கலியாணப் பதிவையும் தேடி எடுப்பார்? 2004 டிசெம்பர் 26இல் கடல் மருதமுனைக்குள்ளும் சாய்ந்தமருதுக்குள்ளும் புகுந்தபோது உயிர்களோடு சேர்ந்து படங்களும் உறுதிகளும் கையெழுத்துப் பிரதிகளும் போயின.

புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு யாழ்ப்பாணத்துச் சோனகத் தெரு உம்மாவின் வாயில் வரும் ஒரு பெயர். அந்தத் தெருவில் எந்தக் கடைக்கு அடுத்து எந்தக் கடை, எந்த ஒழுங்கை எங்கே போய் முட்டும், நோன்பு காலத்தில் கஞ்சி எந்த வாசலில் கொடுத்தார்கள் என்று யாராவது எழுதி வைத்திருந்தால், அந்தப் பிள்ளை அங்கே போகும்போது வழி தெரிந்து நடக்கும். ‘கல்வியிலும் வணிகத்திலும் மேலோங்கிய தெரு’ என்ற வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வாசலைக் கூடக் கண்டுபிடிக்க ஏலாது. அந்தத் தெருவை மனதில் வைத்திருக்கிறவர்களுக்கு இப்போது வயது போய்விட்டது.

சிறிதாக, ஒழுங்காக

இனி எழுத விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஊரின் முழு வரலாற்றையும் ஒரே மூச்சில் எழுத முயல வேண்டாம். கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கை பற்றிய தனது இடவிபர அகராதியை ஊர் ஊராகப் பிரித்து, சிறு சிறு பதிவுகளாக எழுதினார். தேடுகிறவர் தனக்கு வேண்டிய ஊரை மட்டும் எடுத்துப் படித்துவிட்டு மூடி வைக்கலாம். இன்றும் ஆய்வாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள். நீங்களும் ஒருமுறைக்கு ஒரு விஷயம் என்று எடுங்கள். ஒரு கிணறு, ஒரு தறி, ஒரு ஓதப்பள்ளி, ஒரு தோணித்துறை. இரண்டு பக்கம் போதும். மாதம் ஒன்று என்று எழுதினாலும் இரண்டு வருடத்தில் இருபத்துநாலு சேர்ந்துவிடும். அது ஒரு புத்தகம். ஒழுங்காக வரும் என்று தெரிந்தால் வாசகரும் காத்திருப்பார். அடுத்ததற்கு வேண்டிய தகவலையும் அவரே கொண்டுவந்து தருவார்.

முதல் வசனத்திலேயே விஷயத்துக்கு வந்துவிடுங்கள். ஊர்ப் பெருமை பாடும் முன்னுரையை வாசகர் தாண்டித்தான் போகிறார். படம் போட்டால், அதில் இருப்பவர் யார், எடுத்தது எப்போது என்று கீழே எழுதுங்கள். பெயர் இல்லாத படம் இருபது வருடத்தில் யாருடையதோ படமாகிவிடும். பிழை என்று யாராவது சுட்டிக்காட்டினால் கோபிக்காமல் அடுத்த கட்டுரையில் திருத்தத்தை வெளியிடுங்கள். திருத்தம் வரும் இடத்தை மக்கள் நம்புவார்கள்.

எழுதியதைத் தொலைபேசியோடு விட்டுவிடவும் வேண்டாம். தொலைபேசி மாறும்போது எழுத்தும் போய்விடும். தாளில் ஒரு பிரதி எடுத்து, திகதி போட்டு, பாடசாலை நூலகத்துக்கும் பிரதேச பொது நூலகத்துக்கும் கொடுங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டம் இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்களையும் சஞ்சிகைகளையும் மலர்களையும் சேர்த்துக் காத்து வருகிறது. நமது ஊர் மலர்களில் எத்தனை அங்கே இருக்கின்றன என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். இல்லாதவற்றை அனுப்பி வைப்பதும் ஊருக்குச் செய்யும் வேலைதான்.

இந்த இதழை மூடியதும் செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் சொல்லி முடிக்கிறேன். உங்கள் வீட்டில் அல்லது அடுத்த வளவில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு மூத்தம்மாவோ அப்பாவோ இருப்பார்கள். அவர்களிடம் போய் ஊரின் வரலாற்றைக் கேட்க வேண்டாம். சின்ன வயதில் குடிதண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் சுமந்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். சொல்வதை அவர்களுடைய வார்த்தையிலேயே எழுதி, அடியில் அவர்களின் பெயரையும் வயதையும் திகதியையும் போட்டு எங்களுக்கு அனுப்புங்கள்.